கண்டம் வாங்கிய மீன்

ஒரு மீனின் வால் கிழிந்ததைப் பார்த்து, என் தம்பி சாகப்போகிறான் என்று நம்பியவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வயது ஐம்பதை எட்டுகிறது, படித்தது பி.காம்., சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீஸில் மேனேஜர். எவன் சாமியாடினாலும் பின்னால் நின்று நக்கலடிக்கிற வாய் வேறு. இத்தனையும் வைத்துக்கொண்டு, ஒரு சாண் நீளமுள்ள மீனுக்கு முன்னால் கைகட்டி நின்று, "என் தம்பிய விட்ருய்யா" என்று கேட்டிருக்கிறேன். அது வாயைத் திறந்து மூடியது. அதையும் பதில் என்றே எடுத்துக்கொண்டேன்.

என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அது அவருக்கு விளம்பரமாகிவிடும். எங்களுக்கு அவர் அண்ணாச்சி. அச்சாபீஸ்களுக்குக் காகிதமும், பட்டாசுப் பெட்டிகளுக்கு மேலே ஒட்டுகிற பளபள வெள்ளித்தாளும் சப்ளை செய்வது தொழில். உபதொழில், கம்பெனி கம்பெனியாகப் போய் வாசலை மாற்றச் சொல்வது, மேஜையைத் திருப்பச் சொல்வது, அதிர்ஷ்ட மீன் விற்பது. விருதுநகரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். வெள்ளைச் சட்டை, பையில் சீப்பு, நெற்றியில் அந்தந்தக் கிழமைக்குத் தகுந்த நிறத்தில் பொட்டு. இப்போது கோவில்பட்டிப் பக்கம் சோலார் தகடு விற்கிறார் என்று கேள்வி. திசை பார்த்து வைக்கிற சாமான். பொருத்தமான இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

நான் பழகிய அத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் கண்ணை லேசாக மூடி, "காரணம் இருக்கு, தம்பி" என்பார். பிறகு கண்ணைத் திறக்கும்போது காரணம் தயாராக இருக்கும். அது ஒருநாளும் அவராக இருந்ததில்லை.

ஒருமுறை ஆமத்தூர் தாண்டி அவர் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"காரணம் இருக்கு. நீங்க எடது பக்கமா சாஞ்சு உக்காந்து வந்தீக."

"அண்ணாச்சி, பெட்ரோல் முள்ளு படுத்துக் கெடக்கு."

"அது ஏன் படுத்துச்சி? அதத்தான சொல்லுதேன்."

பங்க் வரைக்கும் நான்தான் தள்ளினேன். அவர் பக்கத்தில் நடந்துகொண்டு, எந்தப் பக்கம் சாயாமல் தள்ளவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

இது சிரிக்கிற கதை. சிரிக்க முடியாததும் ஒன்று இருக்கிறது. ஏழாயிரம்பண்ணையில் இருக்கிற எங்கள் யூனிட்டில் ஒரு மழைநாளில் லாரி நிறைய அட்டைப்பெட்டி நனைந்துபோனது. தார்ப்பாய் கட்ட மறந்துவிட்டார்கள், அம்புட்டுதான் விஷயம். முதலாளி அண்ணாச்சியைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவர் கண்ணை மூடித் திறந்தார். கேட்டுக்கு நேராக வேப்பமரம் நிற்கிறதாம், லட்சுமி உள்ளே வரும்போது தலையில் இடிக்கிறதாம். மரத்தை வெட்டினார்கள். அந்த மரத்தடியில் உட்கார்ந்து மதியம் தூக்குவாளியைத் திறந்த பொம்பளையாட்கள், அதற்கப்புறம் தகரக் கூரை நிழல் தேடி அலைந்தார்கள். அடுத்த மழையில் மறுபடியும் லோடு நனைந்தது. "மரம் போச்சு, வேரு கெடக்குல்லா?" என்றார். வேரையும் தோண்டினார்கள். தார்ப்பாய்க்குப் புதுக் கயிறு வாங்கவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் அதை ஜோக்காகச் சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு அவருக்கு. எந்தத் திரவத்தைக் கண்டாலும் ஆள்காட்டி விரலை முக்கி மோந்து பார்ப்பார். சாம்பார், அச்சாபீஸ் மை, ரேடியேட்டர் தண்ணீர், எதுவானாலும் சரி. மோந்துவிட்டு ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க எங்களுக்குப் பயம். கேட்டால் காரணம் சொல்வார்.

எங்கள் ஆபீஸுக்கு மீன் வந்தது அவரால்தான். ஃப்ளவர்ஹார்ன் என்று பெயர். சிவப்பு உடம்பு, நெற்றியில் கொழுக்கட்டை ஒட்டிவைத்ததைப் போல ஒரு புடைப்பு. புடைப்பு பெருத்தால் ஆர்டர் பெருகும் என்றார். தொட்டி ஈசான மூலையில் வைக்கப்பட்டது. அதன் பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி, உள்ளே ஒரு வரிசை கூர்க்கல். மலை இருந்தால் செல்வம் நிலைக்குமாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விசேஷம் சொன்னார்: "கம்பெனிக்கு வார கண்டத்த இந்த மீன் வாங்கிக்கிடும், முதலாளி. ஒடம்புல ஒரு காயம் பட்டா, அங்க யாருக்கோ வர வேண்டியது இங்கன வந்திருச்சின்னு அர்த்தம்."

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எங்கள் பக்கத்தில், மத்தியான நேரத்தில் தூரத்தில் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டால், சாப்பிடுகிற கை அப்படியே நிற்கும். கல்லுக்குவாரியா, பட்டாசு யூனிட்டா என்று தெரிகிறவரை சோறு இறங்காது. அந்தப் பயத்துக்கு யாராவது ஒரு கைப்பிடி கொடுத்தால், அது மீன் வாலாக இருந்தாலும் பிடித்துக்கொள்வோம். முதலாளி பிடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர, என் தம்பி சீனிச்சாமி ஏழாயிரம்பண்ணை யூனிட்டில் போர்மேன் என்பது எனக்கு மறக்கவில்லை.

மீன் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே விரலை ஆட்டினால் நாய்க்குட்டி மாதிரி கூடவே வரும். தீனி போடுகிற கையைக் கடிக்கும். முதலாளியைப் பார்த்தால் மட்டும் புடைப்பை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் நிற்போம் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒரு கோடையில் முதலாளி மகள் வீட்டுக்கு, அமெரிக்காவுக்குக் கிளம்பினார். பேரன் பிறந்திருந்தான். போகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கம்பெனிச் சாவியைத் தரப்போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திப் போனேன்.

"கணக்கு வழக்கெல்லாம் ஆடிட்டர் பாத்துக்கிடுவாரு. நீ மீனப் பாத்துக்கோப்பா."

"சரிங்க முதலாளி."

"அதுக்கு ஏதும் ஆச்சுன்னா என் மூஞ்சில முழிக்காத."

அண்ணாச்சியும் வழியனுப்ப வந்திருந்தார். கூடவே கக்கத்தில் ஒரு சுருள் வெள்ளித்தாள். அவர் வாழ்க்கையில் யாருக்காவது இலவசமாக எதையாவது கொடுத்திருக்கிறார் என்றால், அது ரோலில் மிஞ்சிய வெள்ளித்தாள்தான். கல்யாணத்துக்குப் போனால் சின்ன டிபன் டப்பாவை வெள்ளித்தாளில் சுற்றிப் பெரிதாக்கிக் கொடுப்பார். ஆயுதபூஜைக்கு எங்கள் பீரோவுக்கு ஒட்டிவிட்டார். அன்று தொட்டியின் பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டி, "முதலாளி திரும்பி வாரப்ப தொட்டி தகதகன்னு இருக்கணும்லா" என்றார். மெய்யாகவே தகதகவென்றுதான் இருந்தது. நானும் கைதட்டினேன்.

ஒரு வாரத்துக்குள் வால் கிழிந்தது.

காலையில் தீனி போடப் போகிறேன், வால் துடுப்பின் கீழ்ப்பாதி கந்தலாகத் தொங்குகிறது. ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மீன் கல்லுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். வந்தார். தொட்டிக்குள் விரலை முக்கினார், மோந்தார், கண்ணை மூடினார்.

"வால் எதுக்கு இருக்கு, தம்பி?"

"நீந்துறதுக்கு."

"பின்னால வார்றத தள்ளிவிடுறதுக்கு. கம்பெனிக்குப் பின்னால ஒரு கண்டம் வந்துக்கிட்டு இருக்கு. இது பாதிய வாங்கியிருக்கு."

"மீதிப் பாதி?"

அவர் சீப்பை எடுத்துத் தலையை வாரினார். அதைவிட மோசமான பதில் ஒன்றை என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

அன்றைக்குப் பிடித்தது எனக்குக் கிறுக்கு. அக்கினி வெயில் காலம். வெறும் தகரமே தொட்டால் சுடும். சீனிச்சாமிக்குப் போன் போட்டேன். ஒன்றும் இல்லை என்றான். கொஞ்சநேரம் கழித்து மறுபடி. ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று. மறுநாளும் அதே. மூன்றாவது நாள் அவன் குரல் மாறிவிட்டது.

"எண்ணே, ஒனக்கு என்ன வேணும்? சொல்லு."

"ஒண்ணுமில்லலே, சும்மாதான்."

"சும்மாவா? செல்போன செட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியும்ல? கேட் ரூம்ல கெடக்கு. நீ போட்டா வாச்மேன் வந்து கத்துவான், நான் வெயில்ல அம்புட்டுத் தூரம் நடந்து வரணும். நான் இங்கன நிக்கயில அங்கன மருந்து அடைக்கிற எடத்துல பாக்க ஆளு கெடையாது. ஏதாச்சும் கண்டம்னு ஒண்ணு இருந்தா, அது ஒன் போன்தான்."

வைத்துவிட்டான். காப்பாற்றுகிறேன் என்று மூன்று நாளாக அவனை வேலையிடத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தவன் நான். அதற்குப் பிறகு போன் போடவில்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

மீனுக்கு வைத்தியம் ஆரம்பமானது. செல்போனில் தேடிப்பார்த்ததில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: தனியாக ஒரு தொட்டியில் விடு, தண்ணீரைச் சுத்தமாக வை, கொஞ்சம் கல்லுப்புப் போடு, தொந்தரவு பண்ணாதே. ஒரு நீலக்கலர் பிளாஸ்டிக் டப்பை வாங்கி, காற்றுக் குழாயைப் போட்டு, மீனை அதில் விட்டேன். அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. சும்மா இருப்பது என்பது அவர் அகராதியில் வைத்தியம் கிடையாது. ஒரு பொட்டலம் மஞ்சள்தூளைக் கொட்டினார். மீன் அரைமணி நேரம் ரசத்தில் விழுந்த தக்காளி மாதிரி மிதந்தது. நான் பதறிப்போய்த் தண்ணீரை மாற்றினேன். "விஷம் எறங்குச்சு, பாத்தீகளா?" என்றார்.

பிறகு லாரித்தண்ணீர் ஆகாது என்றார். வெம்பக்கோட்டை அணையிலிருந்து வைப்பாற்றுத் தண்ணீர்தான் வேண்டுமாம். நான் இரண்டு கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டு அந்த வெயிலில் போனேன். அணையில் நடுவிலே கொஞ்சம் பச்சையாகச் சகதி கிடந்தது. அதில் எருமைகள் படுத்திருந்தன. எருமைகளை எழுப்பித் தண்ணீர் கேட்கிற அளவுக்கு எனக்குக் கிறுக்கு முற்றவில்லை. திரும்பி வந்து, எங்கள் ஆபீஸ் மாடித் தொட்டியில் இருந்த லாரித்தண்ணீரையே இரண்டு கேனிலும் பிடித்து வைத்தேன். அண்ணாச்சி வந்து விரலை முக்கினார். மோந்தார். முகம் மலர்ந்தது.

"ஆத்துத்தண்ணி ஆத்துத்தண்ணிதான், தம்பி! வாசமே சொல்லுது பாருங்க."

அந்த இடத்தில் நான் தெளிந்திருக்க வேண்டும். அவர் விரலுக்கும் மூக்குக்கும் ஒன்றுமே தெரியாது என்று கண்ணெதிரே நிரூபித்தாகிவிட்டது. ஆனால் பயந்தவன் புத்தி விசித்திரமானது. தண்ணீர் விஷயத்தில் அவர் முட்டாள், கண்டம் விஷயத்தில் ஞானி என்று நானே இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

டப்பில் மீன் தேறியது. கந்தல் ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் புதுத் துடுப்பு விட்டது. சந்தோஷத்தில் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"தம்பி, இதுல ஒரு காரணம் இருக்கு. மீன் செத்துருச்சின்னா, கண்டம் அதோட போச்சு. பொழச்சிருச்சின்னு வைங்க, வாங்குனதத் திருப்பிக் குடுத்துருச்சின்னு அர்த்தம்."

"யாருகிட்ட திருப்பிக் குடுக்கும்?"

"யாருக்கு வர வேண்டியதோ, அவுககிட்ட."

காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார்! அவருக்கு அது இன்னொரு வாக்கியம், அவ்வளவுதான். நான் டப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மீன் செத்தால் முதலாளி முகத்தில் முழிக்க முடியாது. மீன் பிழைத்தால் தம்பி. தினமும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறபோதெல்லாம், நான் யாருக்கு வைத்தியம் பார்க்கிறேன், யாருக்குக் குழி தோண்டுகிறேன் என்று கேட்டுக்கொள்வேன். ஒருநாள் தண்ணீரை மாற்றாமலே விட்டேன். சாயங்காலம் தண்ணீர் கலங்கி, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பார்க்கச் சகிக்கவில்லை. திட்டிக்கொண்டே மாற்றினேன். அது நன்றியாக என் கட்டைவிரலைக் கடித்தது.

வால் முக்கால்வாசி வளர்ந்ததும் தொட்டியில் விட்டேன். நாலைந்து நாளில் மறுபடி அதே இடத்தில் கிழிசல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீனிச்சாமி ஆபீஸுக்கு வந்தான். நான் மறுபடியும் டப்பும் கல்லுப்புமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை.

"இங்கேரு, எனக்கு ஏதாச்சும் ஆகணும்னா மருந்துல ஆகும், உரசல்ல ஆகும், எவனாச்சும் அவசரத்துல கூடுதலா அள்ளிப்போட்டா ஆகும். நான் தெனமும் அதத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். இந்த மீனு வந்து என்னத்தப் பாக்கப் போகுது? அந்தாளு மரத்த வெட்டச் சொன்னப்பவே நீ வாயத் தொறந்திருக்கணும். எங்க ஆளுக இப்பவும் வெயில்ல உக்காந்துதான் திங்காக."

"மீன என்னலே செய்ய?"

"அத மொதல்ல கொணமாக்கு. வாயில்லாத ஜீவன் என்ன செய்யும்?"

குணமாக்கினேன். இந்தமுறை அண்ணாச்சியை டப்புக்குப் பக்கத்தில் விடவில்லை. மஞ்சள், எலுமிச்சம்பழம், சந்தனம் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி, "போட்டுடுதேன் அண்ணாச்சி" என்று சொல்லி அலமாரியில் அடுக்கினேன். சந்தனத்தை மட்டும் நான் பூசிக்கொண்டேன். வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அதற்கிடையில் ஒரு மத்தியானம் அவர் அவசரமாக வந்தார். எந்த அச்சாபீஸோ வெள்ளித்தாள் சாம்பிள் கேட்டிருக்கிறது, கையிருப்பு இல்லை. நேராகக் காலித் தொட்டியிடம் போய், தான் ஒட்டிய தாளைத் தானே நகத்தால் உரித்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "புதுசு கொண்டாந்து ஒட்டித் தாரேன், தம்பி." கொடுத்த ஒரே இலவசத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தேன். சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன், வேறெதுவும் உறைக்கவில்லை. மூளை இருக்கிறவனாக இருந்தால் அப்போதே உறைத்திருக்கும்.

வால் வளர்ந்தது. மீனைத் தொட்டியில் விட்டேன். தினமும் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்ப்பேன். கிழியவில்லை. முதலாளி வருகிற வாரமும் வந்தது. வாலில், புதிதாக வளர்ந்த பகுதி மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது.

முதலாளி வருவதற்கு முந்தினநாள் அண்ணாச்சி வாக்குத் தவறாமல் புதுத் தாளோடு வந்தார். நான் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். மீன் சாவகாசமாகக் கொத்திக்கொண்டிருந்தது. அவர் தாளை விரித்துப் பின்பக்கக் கண்ணாடியில் நிறுத்தினார். அவ்வளவுதான். மீன் தீனியைத் துப்பியது. செவுளை விரித்தது. துடுப்பையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கம் பாய்ந்து முட்டியது; பிறகு பக்கவாட்டில் திரும்பி வாலால் ஓங்கி அடித்தது. வால் கூர்க்கல்லில் பட்டது.

"அண்ணாச்சி, தாள எடுங்க."

எடுத்தார். மீன் இங்கும் அங்கும் தேடியது. அடங்கியது. மறுபடி தீனிக்கு வந்தது.

"இப்ப வைங்க, சும்மா ஒரு நிமிசம்."

வைத்தார். வெள்ளித்தாளில் இன்னொரு சிவப்பு மீன், இன்னொரு கொழுக்கட்டை நெற்றி, அதே கோபத்தோடு எதிரே வந்தது. எங்கள் மீன் அதன்மேல் பாய்ந்தது. நானே தாளைப் பிடுங்கிவிட்டேன்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் மீனைப் பார்த்தார். சீப்பை எடுத்து, வாராமலே பையில் வைத்தார். பல வருஷப் பழக்கத்தில் முதல்முறையாக, இந்த மனிதர் வாயிலிருந்து "தெரியாது" என்ற அந்தச் சொல் வரப்போகிறது என்று நான் காத்து நின்றேன். அவர் மெதுவாக விரலைத் தொட்டிக்குள் முக்கினார். மீன் கடித்தது. விரலை உதறி, மோந்துபார்த்து, கண்ணை மூடித் திறந்தார்.

"காரணம் இருக்கு, தம்பி. இந்த மீனுக்கு வெள்ளி ஆகாது. நாளைக்கே தங்கக் கலர்ல கொண்டாரேன்."

முதலாளி வந்தார். மீனைப் பார்த்து, "கொஞ்சம் மெலிஞ்சிருக்கோ?" என்று மட்டும் கேட்டார். பேரன் போட்டோவைக் காட்டினார்.

நடந்தது இதுதான். மீன் தாளில் தெரிந்த தன் உருவத்தோடு சண்டை போட்டது. பின்னால் இருந்த கல்லில் அடிபட்டு வால் கிழிந்தது. தாளை எடுத்ததும் சண்டை நின்றது. சுத்தமான தண்ணீரில் வால் தானாக வளர்ந்தது. சீனிச்சாமிக்கு அந்தக் கோடை முழுவதும் ஒன்றும் ஆகவில்லை.